ராத்திரி மூன்று மணி இருமல்: ஆஸ்துமாவா, டி.பி.யா, கொசுக்கடியா?

கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், கடிதத்தைச் சுருக்கி என் வார்த்தையிலேயே தருகிறேன்.

கணவருக்கு 36 வயது. பித்தளைக் குத்துவிளக்குக்கு மெருகு போடும் பட்டறையில் வேலை. மார்ச் மாதத்திலிருந்து வறட்டு இருமல். பகலில் அவ்வளவாக இல்லை. ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்தால் விடியும்வரை இருமல்தான். கூடவே இளைப்பு. ஐந்து கிலோ எடை குறைந்துவிட்டது. முதலில் பார்த்த டாக்டர் ஆஸ்துமா என்று இன்ஹேலரும் மாத்திரையும் கொடுத்தார். மாத்திரை சாப்பிட்ட வரை குறைந்தது, நிறுத்தியதும் திரும்ப வந்தது. அடுத்து போன தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, "பொடிப்பொடியாகப் புள்ளி தெரிகிறது, டி.பி.யாக இருக்கலாம்" என்றார்கள். சளிப் பரிசோதனையில் டி.பி. இல்லை. ஆகஸ்டில் மூன்றாவதாகப் பார்த்தவர் ரத்தம் எடுத்துவிட்டு, "இது யானைக்கால் கொசுவால் வந்த நுரையீரல் நோய்" என்று 21 நாளைக்கு மாத்திரை எழுதினார். ஆறாம் நாள் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். முதல் இரண்டு நாள் காய்ச்சலும் கிறுகிறுப்பும் வந்தது ஒரு காரணம். ராத்திரி எடுத்த ரத்தத்தில் புழு இல்லை என்று ரிப்போர்ட் வந்தது இன்னொன்று. மூன்றாவதாக மாமியார், "யானைக்கால் என்று வெளியே தெரிந்தால் நம் பெண்ணை யார் கட்டுவார்கள்?" என்று அழுதிருக்கிறார். நாத்தனாருக்குத் தை மாதம் கல்யாணம். கடிதம் எழுதிய சகோதரி நான்கு மாத கர்ப்பம், வீட்டில் ஐந்து வயதுப் பையன் இருக்கிறான்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "மாத்திரை ஆரம்பித்த நான்காம் நாள் மட்டும் ராத்திரி முழுக்கத் தூங்கினார்." நீங்கள் இணைத்திருந்த ஐந்து ரிப்போர்ட்டையும்விட எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த வரிதான். ஐந்து மாதமாகத் தூங்காத ஆள் நான்கே நாளில் தூங்கியிருக்கிறார் என்றால், மூன்றாவது டாக்டர் சரியான பூட்டுக்குச் சரியான சாவியைப் போட்டிருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். மாத்திரையை மறுபடி தொடங்க வேண்டும். மற்றக் கேள்விகளுக்கெல்லாம் கீழே பதில் இருக்கிறது. நேரம் இல்லாவிட்டால் இந்த ஒன்றை மட்டுமாவது படித்துவிட்டு, நாளைக்கே அவரை அதே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

இந்த நோய்க்கு வெப்பமண்டல நுரையீரல் ஈசினோபிலியா என்று நீளமாக ஒரு பெயர். நாங்கள் டி.பி.இ. என்போம். யானைக்கால் புழுவைச் சுமக்கும் கொசு கடிக்கிறது. புழுக்கள் உடம்பின் நிணநீர்க் குழாயில் தங்கி வளர்ந்து, கண்ணுக்குத் தெரியாத குட்டிகளை ரத்தத்தில் விடுகின்றன. பெரும்பாலானவர்களின் உடம்பு இந்தக் குட்டிகளைக் கண்டும் காணாமல் விட்டுவிடும். புழு தொற்றியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களுக்குத்தான் உடம்பு வேறு மாதிரி நடந்துகொள்கிறது. குட்டிகள் நுரையீரலின் மெல்லிய ரத்தக்குழாய்களில் சிக்கும்போது, ஈசினோபில் என்ற வெள்ளை அணுக்கள் படையாகத் திரண்டு வந்து அவற்றைத் தாக்குகின்றன. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். புழுவைக் கொல்ல வந்த படை நுரையீரலையும் சேர்த்துப் புண்ணாக்குகிறது. இருமல், இளைப்பு, இளங்காய்ச்சல், எடைக் குறைவு எல்லாம் அதனால் வருபவை. 15 முதல் 40 வயது ஆண்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறோம். ராத்திரி ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை இருமல் படுத்துவது இதன் கையெழுத்து மாதிரி.

ரிப்போர்ட்டில் இருக்கும் எண்கள்

ஆகஸ்ட் மாத ரத்த ரிப்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்த வெள்ளை அணு 14,200. அதில் ஈசினோபில் 46 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் 6,532 வரும். சாதாரணமாக 500க்குள் இருக்க வேண்டியது. டி.பி.இ. என்று சந்தேகிக்க நாங்கள் வைத்திருக்கும் கோடு 3,000. அதே போல ஐஜிஇ (அலர்ஜியிலும் புழுத் தொற்றிலும் ரத்தத்தில் ஏறும் ஒரு எதிர்ப்புப் பொருள்) 1,000ஐத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்போம், உங்கள் கணவருக்கு 3,800. ஃபைலேரியா, அதாவது யானைக்கால் புழுவுக்கான எதிர்ப்புப் பொருள் பரிசோதனையும் பாசிட்டிவ். எக்ஸ்ரேயில் நுரையீரலின் நடுவிலும் கீழேயும் பொடிப்புள்ளி. கொசு நிறைந்த டெல்டா ஊர். ராத்திரி இருமல். இவற்றில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்தால் எதுவும் நிரூபணம் ஆகாது. நம் ஊரில் ஃபைலேரியா எதிர்ப்புப் பொருள் நோய் இல்லாதவர்களுக்கும் இருக்கும். ஆனால் எல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்து வரும்போது, வேறு பெயர் சொல்ல எனக்கு மனம் வராது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் நாலு தும்மல் போட்டால் "எனக்கு ஈசினோபிலியா" என்று சொல்லிக்கொள்ளாதவர்கள் குறைவு. ஈசினோபில் 8 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்தாலே, மெடிக்கலில் ஹெட்ரசான் என்ற யானைக்கால் மாத்திரையை வாங்கி விழுங்குகிறவர்களை வாரத்துக்கு ஒருவரையாவது பார்க்கிறேன். அலர்ஜி, ஆஸ்துமா, வயிற்றுப் புழு, சில மருந்துகள் என்று அது லேசாக ஏற ஆயிரம் காரணம் இருக்கிறது. 700 இருப்பவரும் 6,500 இருப்பவரும் ஒன்று கிடையாது. உங்கள் கணவர் இரண்டாவது ரகம்.

எந்த லேப் பொய் சொல்கிறது?

ஜூன் ரிப்போர்ட்டில் 4 சதவீதம், ஆகஸ்டில் 46. "இரண்டில் ஒரு லேப் தப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியாக இருக்கத்தான் வாய்ப்பு. முதல் டாக்டரின் சீட்டில் ஐந்து நாளைக்கு என்று பிரெட்னிசலோன் எழுதியிருக்கிறது. இளைப்பு குறைந்ததால் மெடிக்கலில் நீங்களாகவே வாங்கி மூன்று வாரம் கொடுத்திருக்கிறீர்கள். ஜூன் மாத ரத்தம் எடுத்தது அந்த மூன்று வாரத்துக்குள். பிரெட்னிசலோன் ஒரு ஸ்டீராய்டு. உள்ளே போன சில மணி நேரத்தில் ரத்தத்தில் உள்ள ஈசினோபில்லைக் கீழே இறக்கிவிடும். இருமலும் அடங்கும், ரிப்போர்ட்டும் சுத்தமாக வரும். நோய் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதில் வேறொரு ஆபத்தும் உண்டு. வயல் மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களின் தோல் வழியாக நுழையும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழுவும் ஈசினோபில்லை ஏற்றும். அந்தப் புழு இருப்பவருக்குத் தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால், அது கட்டுக்கடங்காமல் பெருகி உயிருக்கே உலை வைக்கலாம். அதனால் இனி டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த வெள்ளை மாத்திரை வீட்டுக்குள் வரக் கூடாது. தேவைப்பட்டால் டாக்டரே, முன்னதாக மலப் பரிசோதனை பார்த்துவிட்டு, அளவாகத் தருவார்.

ரத்தத்தில் புழு இல்லையே

நீங்கள் மாத்திரையை நிறுத்தியதற்கு இதுதான் பெரிய காரணம் என்று தெரிகிறது. நியாயமான சந்தேகம்தான். யானைக்கால் புழுவின் குட்டிகள் ராத்திரியில்தான் மேல்ரத்தத்துக்கு வரும் என்பதால் சுகாதாரத் துறை ஆட்கள் இரவில் வந்து ரத்தம் எடுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் டி.பி.இ. நோயாளியின் ரத்தத்தில் புழு தெரியாமல் இருப்பதுதான் வழக்கம். குட்டிகளை நுரையீரலிலேயே பிடித்து அழித்துவிடுவதால்தானே இருமலே வருகிறது! விரல் நுனியில் எடுத்த ரத்தத்தில் எப்படிச் சிக்கும்?

ஒரு காலத்தில் டாக்டர்களையே குழப்பிய விஷயம் இது. 1940இல் மதனப்பள்ளி காசநோய் சானடோரியத்தில் இருந்த ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும், டி.பி. மாதிரியே தெரிகிற, ஆனால் ஈசினோபில் ஏறியிருக்கிற ஒரு கூட்டத்தைக் கவனித்து "பொய்க் காசநோய்" என்கிற மாதிரி ஒரு பெயரில் எழுதினார்கள். மதனப்பள்ளி அப்போது நம் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1943இல் வைன்கார்டன் என்ற மருத்துவர் 81 நோயாளிகளைப் பற்றி எழுதி, வெப்பமண்டல ஈசினோபிலியா என்று பெயர் வைத்தார். அப்போது கொடுத்த மருந்து ஆர்சனிக், அதாவது பாஷாணம் கலந்தது. கேட்கவே இன்று பயமாக இருக்கிறது. காரணம் என்ன என்பதற்கு நேரடிச் சாட்சி கிடைத்தது 1960இல், நம் வேலூர் சி.எம்.சி.யில். வெப், ஜாப், கால்ட் மூவரும் நோயாளிகளின் நுரையீரல், ஈரல், நெறிக்கட்டித் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது குட்டிப் புழுக்கள் அங்கே சிக்கிக் கிடந்தன.

அதனால், புழு இல்லை என்ற ரிப்போர்ட் உங்கள் டாக்டரைப் பொய்யாக்கவில்லை. மருந்தை நிறுத்த அது காரணமாகாது.

இரண்டாவது மருத்துவமனையின் மேல் கோபமாக இருக்கிறீர்கள். "இல்லாத டி.பி.யை இருக்கிறதென்று பயமுறுத்தினார்கள்" என்று. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடைக் குறைவு, எக்ஸ்ரேயில் பொடிப்புள்ளி, இத்தனையும் இருந்தால் நானும் முதலில் சளிப் பரிசோதனைக்குத்தான் அனுப்புவேன். அனுப்பாத டாக்டரைத்தான் கோபித்துக்கொள்ள வேண்டும். சளியில் கிருமி இல்லை என்றதும் டி.பி. மருந்தை ஆரம்பிக்காமல் நிறுத்திக்கொண்டார்களே, அதுவும் சரிதான்.

ஆனால் எக்ஸ்ரேயையும் கேஸ் ஷீட்டையும் தர மறுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அது சரியில்லை. நோயாளியோ அவர் சார்பில் பொறுப்பானவரோ எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களின் நகலைக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகளில் இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளில் தேதி போட்டு எழுதி, இன்னொரு பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள். சண்டை வேண்டாம். பெரும்பாலும் அந்தக் கையெழுத்தைக் கேட்டதுமே ஃபைல் வந்துவிடும். அந்தப் பழைய எக்ஸ்ரேயும் இனி எடுக்கப்போகிற எக்ஸ்ரேயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் எவ்வளவு தேறியிருக்கிறது என்று பார்க்க முடியும்.

21 நாள் மாத்திரை

டை எத்தில் கார்பமசின், சுருக்கமாக டி.இ.சி. உடல் எடை கிலோவுக்கு ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம், மூன்று வாரம். உங்கள் கணவர் இப்போது 54 கிலோ. 54ஐ 6ஆல் பெருக்கினால் 324. அதைத்தான் டாக்டர் 100 மில்லிகிராம் மாத்திரையாக காலை, மதியம், இரவு என்று எழுதியிருக்கிறார். கணக்கு சரியாக இருக்கிறது.

முதல் நாட்களில் வந்த காய்ச்சல், தலைவலி, கிறுகிறுப்பு பெரும்பாலும் உள்ளே புழு சாவதால் வருவது. உங்களுக்கு அது மருந்து ஒத்துக்கொள்ளாத மாதிரி தெரிந்திருக்கிறது. மருந்து வேலை செய்கிறது என்றும் அதைப் படிக்கலாம். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும். மாத்திரை போட்டுவிட்டு முதல் இரண்டு மூன்று நாள் பட்டறைக்குப் போக வேண்டாம், மெருகு போடும் மெஷின் பக்கத்தில் தலை சுற்றினால் வேறு வம்பு. உடம்பெல்லாம் தடித்து முகம் வீங்கினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ மட்டும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சிறுநீரகக் கோளாறு ஏதாவது இருந்தால் அளவை மாற்ற வேண்டியிருக்கும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

விட்ட இடத்திலிருந்து ஏழாம் நாளாகத் தொடரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில் பத்து நாள் போய்விட்டது. என்னிடம் வந்திருந்தால் முதல் நாளிலிருந்து ஆரம்பித்து 21ஐயும் முடிக்கச் சொல்வேன். உங்கள் டாக்டரும் அப்படித்தான் சொல்வார் என்று நினைக்கிறேன், அவர் சொல்வதே கடைசி. செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியிலும் ஃபைலேரியா கிளினிக்கிலும் இந்த மாத்திரை இலவசம். மெடிக்கலிலும் மலிவுதான்.

ஒரு வாரம், பத்து நாளில் நன்றாகத் தெளிந்துவிடுவார். அந்த நேரத்தில்தான் மாத்திரையை மறப்பார்கள். இருமல் நிற்பதும் நுரையீரல் ஆறுவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. சென்னை சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் மருத்துவர்கள், இந்த நோயாளிகளின் நுரையீரலுக்குள் உப்புநீர் விட்டுக் கழுவி எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நோய் முற்றிய நிலையில், கழுவிய நீரில் இருந்த அணுக்களில் சுமார் பாதி ஈசினோபில். மருந்து தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் அது சரசரவென்று இறங்கியது. ஆனால் மூன்று வாரம் முழுதாக மருந்து சாப்பிட்டவர்களிலும் சிலருக்கு உள்ளே கொஞ்சம் அழற்சி மிச்சம் இருந்தது. அப்படி மிச்சம் இருப்பதை வருஷக்கணக்கில் விட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும். அந்தத் தழும்பை எந்த மாத்திரையாலும் எடுக்க முடியாது. அதனால் 21 நாள் முடிந்ததும் ரத்தமும், ஒரு மாதம் கழித்து எக்ஸ்ரேயும் ஊதிப் பார்க்கும் சோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். சிலருக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் திரும்பவும் வரும். வந்தால் மறுபடி ஒரு சுற்று மாத்திரை, அவ்வளவுதான்.

முழுதாகச் சாப்பிட்டும் ஈசினோபில் இறங்கவில்லை என்றால்? அப்போது நான் மேலே சொன்னதெல்லாம் தப்பாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை அலர்ஜி, வேறு புழுக்கள், ரத்தநாள அழற்சி என்று தேடிப் போக வேண்டும். சி.டி. ஸ்கேன் அப்போது எடுத்தால் போதும், இப்போது வேண்டாம்.

நண்டு ரசம், தனி டம்ளர், கல்யாணம்

வயல் நண்டு சாப்பிட்டதால்தான் நெஞ்சில் புழு வந்தது என்று உங்கள் மாமியார் சொல்வதைக் கேட்டு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தால், அவர் சொல்வது போல ஒரு நோய் உண்மையிலேயே இருக்கிறது. மணிப்பூர், நாகாலாந்து, அருணாசலப் பிரதேசம் பக்கம் ஆற்று நண்டைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரலில் தட்டைப்புழு வரும். ரத்தமாகத் துப்புவார்கள், டி.பி. என்றே பல பேருக்கு மருந்து கொடுத்துவிடுவார்கள். ஆனால் இடித்து, மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்க விட்ட நண்டு ரசத்தில் எந்தப் புழுவும் பிழைக்காது. அவர் தாராளமாக வைக்கட்டும்.

பையனுக்குத் தனி டம்ளர், தனிப் படுக்கை எதுவும் தேவையில்லை. இருமினால், எச்சில் பட்டால், கூடப் படுத்தால் ஒட்டாது. கொசு வழியாகத்தான் வரும், அதுவும் ஒரு கடியில் வராது. மாதக்கணக்கில் திரும்பத் திரும்பக் கடிபட வேண்டும். உங்கள் கணவரின் ரத்தத்தில் குட்டிப் புழு இல்லாததால், அவரைக் கடித்த கொசு மற்றவர்களைக் கடித்தாலும் அவரிடமிருந்து எதையும் எடுத்துப் போக வழியில்லை. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் பயமில்லை. நீங்கள் மட்டும் "ஒரு முன்னெச்சரிக்கைக்கு" என்று அவர் மாத்திரையில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஊர் முழுக்க யானைக்கால் மாத்திரை கொடுக்கும் முகாமிலேயே கர்ப்பிணிகளையும் இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளையும் விட்டுவிடுவார்கள்.

கால் வீங்குமா என்றால், டி.பி.இ. வந்தவர்களுக்குக் கால் வீக்கம் சேர்ந்து வருவது அரிது. ஒரே புழு, ஆனால் உடம்பு காட்டும் முகம் வேறு. பரம்பரை நோயும் இல்லை. நாத்தனாருக்கும் இதற்கும் ரத்தச் சம்பந்தமே கிடையாது, கொசுச் சம்பந்தம் வேண்டுமானால் உண்டு. மாப்பிள்ளை வீட்டில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கடமை எதுவும் உங்களுக்கு இல்லை. யாராவது கேட்டால் "கொசுவால் வந்த நெஞ்சு அலர்ஜி, மருந்து சாப்பிட்டுச் சரியாகிவிட்டது" என்று சொல்லுங்கள், அதில் பொய் ஒன்றும் இல்லை. மாத்திரையை ஒளித்து வைப்பதால் யாருக்கும் லாபம் இல்லை. ஐப்பசிக்குள் முழுக்கோர்சையும் முடித்துவிட்டால், தை மாதம் பந்தலில் அண்ணன் இருமாமல் நிற்பார்.

பட்டறைத் தூசிதான் காரணம் என்று அவர் நண்பர்கள் சொல்கிறார்களாம். இந்த 6,532ஐத் தூசி ஏற்றியிருக்காது. ஆனால் புண்பட்ட நுரையீரலுக்குள் மெருகுப்பொடி போவது நல்லதா? துண்டைக் கட்டிக்கொண்டால் பொடி நிற்காது, என்-95 மாஸ்க் வேண்டும்.

கடைசியாகக் கொல்லைப்புறம். யானைக்கால் புழுவைச் சுமக்கும் கொசு சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும்தான் முட்டையிடும். வீட்டுக்குப் பின்னால் செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் மேலே திறந்து நிற்கிறதா என்று பாருங்கள், பாதி வீடுகளில் அப்படித்தான் இருக்கும். பழைய கொசுவலைத் துண்டு ஒன்றை அதன் வாயில் போட்டுக் கம்பியால் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். நீங்கள் ஏணியில் ஏற வேண்டாம். 21 நாள் முடிந்து அடுத்த ரத்த ரிப்போர்ட் வந்ததும் அந்த எண்ணை எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.